படத்தில் பளபளக்கும் இரட்டைக் குழலுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். கம்பம் பக்கம் விவசாயம் செய்கிறேன், வயது 34. மூன்று மாதம் முன்பு துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்தது. காட்டோரத் தோட்டம் என்பதால் பயிர்ப் பாதுகாப்புக்காக விண்ணப்பித்திருந்தேன். புதிதாக வாங்குவதை விடப் பழைய இங்கிலீஷ் துப்பாக்கி நல்லது என்று நண்பர்கள் சொன்னார்கள். இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். வெப்லி அண்ட் ஸ்காட், 12 போர் குழல் அளவு, டபுள் பேரல், 'மின்ட் கண்டிஷன்', 2,75,000 ரூபாய். விற்பவர் வெளிமாநிலக்காரர். ஏழு படங்கள் அனுப்பினார், இத்துடன் வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று பேர் காத்திருப்பதாகவும் 20,000 அட்வான்ஸ் போட்டால் எனக்கே ஒதுக்கி வைப்பதாகவும் சொல்கிறார். விலை நியாயமா? படத்தை வைத்து நிலைமையைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: தம்பி, முதலில் அந்த 20,000 ரூபாயை அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே எனக்கு எழுதுங்கள், வேறு விதமாகப் பேச வேண்டியிருக்கும். அனுப்பவில்லை என்றால் நிதானமாகப் படியுங்கள். காத்திருக்கும் மூன்று பேரில் யாராவது வாங்கிப் போனால் போகட்டும்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் துப்பாக்கி பழுதுபார்க்கிற குடும்பம். என் கைக்கு வருகிற பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை, வாங்கிய பிறகு 'ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்' என்று வருபவைதான். வாங்கும் முன் காட்ட வருபவர்கள் குறைவு. நீங்கள் முன்கூட்டியே கேட்டது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

உங்கள் படங்களைப் பார்த்தேன். ஏழில் நான்கு, பக்கவாட்டுச் செதுக்கு வேலையைக் காட்டுகின்றன. இரண்டு கட்டையின் மரத்தைக் காட்டுகின்றன. ஒன்று முழுத் துப்பாக்கியும் சோபா மேல் கிடக்கிற படம். குழலின் உட்புறம் ஒன்றில்கூட இல்லை. குழலின் வாய் இல்லை. குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டும் படம் இல்லை. விலையைத் தீர்மானிக்கும் இடங்கள் இந்த மூன்றும்தான். செதுக்கு வேலை கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

ஆனாலும் இருக்கிற படங்களிலேயே இரண்டு விஷயம் தெரிகிறது. நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரு குழல்களுக்கும் நடுவே ஓடுகிற மேல் பட்டையில், ரிப் என்போமே, அதில் கம்பெனிப் பெயரின் எழுத்துகள் தேய்ந்து விளிம்பு மழுங்கியிருக்கின்றன. ஆனால் குழலின் கறுப்பு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. எழுபது எண்பது வருஷத் துப்பாக்கியில் எழுத்து தேய்ந்து நிறம் மட்டும் புதிதாக இருக்காது. பஃப் போட்டுத் தேய்த்து, மறுபடி புளூயிங், அதாவது கறுப்பு நிறமேற்றும் வேலை, செய்திருக்கிறார்கள். இதை 'மின்ட்' என்று சொல்லக்கூடாது. ஒரிஜினல் நிறம் பாதி போய்ச் சாம்பல் பூத்திருந்தாலும் நான் அதற்குத்தான் அதிக மதிப்புப் போடுவேன்.

மறு புளூயிங்கில் அழகை விடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இரட்டைக் குழலில் அந்தப் பட்டைகள் ஈயப் பற்றில்தான் ஒட்டியிருக்கின்றன. பழைய இங்கிலீஷ் வேலைக்காரர்கள் குழலை மெதுவாகத் துருவேற விட்டு, தேய்த்து, மறுபடி துருவேற விட்டு நிறம் கொண்டுவருவார்கள். அதற்குப் பல நாள் பிடிக்கும். இப்போது அவசரத்துக்குக் கொதிக்கும் காரக் கரைசலில் முக்கி எடுத்துவிடுகிறார்கள். ஒற்றைக் குழலுக்கும் ரைஃபிளுக்கும் அது சரி. இரட்டைக் குழலில் அந்தக் காரம் பட்டைக்கு உள்ளே புகுந்து ஈயத்தைத் தின்னும், உள்ளிருந்தே துருவும் ஏறும். வெளியே புத்தம் புதிதாக இருக்கும். இளவயதில் நானே ஒரு தடவை இப்படிப்பட்ட குழலை 'நல்ல நிலைமை' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆறு மாதத்தில் மேல் பட்டை பாதி பிரிந்து திரும்பி வந்தது. அந்த மனிதர் என்னைத் திட்டக்கூட இல்லை. அதனால்தான் அது இன்றும் மறக்கவில்லை.

இரண்டாவது, திருகாணிகள். படத்தில் தெரியும் திருகாணிகளின் தலைப் பள்ளம் பிய்ந்திருக்கிறது. நல்ல இங்கிலீஷ் துப்பாக்கியில் அந்தப் பள்ளங்கள் எல்லாம் துப்பாக்கியின் நீளவாக்கில் ஒரே நேராக நிற்கும், அவ்வளவு கவனமாகப் பொருத்தியிருப்பார்கள். பிய்ந்து, கோணலாக நின்றால் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரோடு யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே என்ன செய்தார்கள் என்பது கழற்றினால்தான் தெரியும்.

சரி, விலைக்கு வருவோம். விளம்பரத்தில் நீங்கள் பார்ப்பது விற்பவர் கேட்கிற விலை. நியாயமான விலை போட்ட துப்பாக்கி சில நாளில் விற்று, விளம்பரமும் போய்விடும். யாரும் வாங்காதவைதான் மாதக்கணக்கில் நிற்கும். நாலைந்து விளம்பரத்தை ஒப்பிட்டு 'மார்க்கெட் விலை இவ்வளவு' என்று நீங்கள் கணக்குப் போட்டால், விற்காத சரக்கின் விலையைத்தான் கூட்டிப் பார்க்கிறீர்கள். புதிதாக விற்க வருகிறவரும் அதையே பார்த்துத் தன் விலையை வைக்கிறார்.

'இம்போர்ட்டட்' என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஏன் இவ்வளவு மவுசு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1980-களின் நடுவிலிருந்து தனியார் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி இறக்குமதி செய்வது ஏறக்குறைய நின்றே போனது. அதற்கு முன் உள்ளே வந்தவைதான் கைமாறிக் கைமாறிச் சுற்றுகின்றன. கைத்துப்பாக்கியில் இந்தத் தட்டுப்பாடு விலையை எங்கோ கொண்டுபோய்விட்டது. ஆனால் இரட்டைக் குழல் கதை வேறு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்ற பிறகு, எஸ்டேட் பங்களாக்களிலும் ஜமீன் வீடுகளிலும் இருந்த ஷாட்கன்களுக்கு, அதாவது இந்த மாதிரி ரவைத் துப்பாக்கிகளுக்கு, வேலையே இல்லாமல் போயிற்று. அப்புறம் 2019-இல் ஆயுதச் சட்டத் திருத்தம் வந்து, ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. மூன்று வைத்திருந்தவர்கள் எதைக் கழித்தார்கள்? பெரும்பாலும் மூலையில் கிடந்த நீளத் துப்பாக்கியைத்தான். என்னிடமே அப்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கைத்துப்பாக்கிக்குக் கிடைக்கிற தட்டுப்பாட்டு விலையை இரட்டைக் குழலுக்கும் கேட்பது பொருந்தாது.

பெயரையும் பார்ப்போம். வெப்லி அண்ட் ஸ்காட் நல்ல பர்மிங்காம் கம்பெனி, சந்தேகமில்லை. 1979-இல் ஷாட்கன் செய்வதை நிறுத்தும் வரை பல தரத்தில் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 700 வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 700 என்பது எளிய மாடல், 702 அதற்கு மேல், 701 தான் உயர்ந்தது. எண் வரிசைப்படி தரம் போகாது என்பதால் இதில் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் விற்பனையாளர் மாடல் எண்ணையே சொல்லவில்லை. பட்டையில் இருக்கிற பெயர் செய்தவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பழைய துப்பாக்கிகளில் மெட்ராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தா ராடா என்று விற்ற கடையின் பெயர் பொறித்திருக்கும். இங்கிலீஷ் பெயர் மாதிரியே வைத்துக்கொண்டு பெல்ஜியத்தில் செய்த துப்பாக்கிகளும் ஏராளம். குழலைக் கழற்றிப் பார்த்தால் முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்து இருக்கும். அது லியேஜ் நகரத்துச் சோதனை முத்திரை. அவற்றிலும் நல்லவை உண்டு, ஆனால் பர்மிங்காம் விலை கொடுக்கத் தேவையில்லை.

குழலின் அடிப்பக்கத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், துப்பாக்கியின் ஜாதகமே அங்கேதான் இருக்கிறது. குழல்களைக் கழற்றித் திருப்பினால் பின்முனையில் இரண்டு தட்டையான பரப்பு தெரியும். முத்திரைகளை அங்கே அடித்திருப்பார்கள். எந்தச் சோதனைச் சாலை, புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்ததா, தோட்டா அறையின் நீளம் என்ன, எல்லாம் அதில் உண்டு. உங்களுக்கு உயிர் விஷயம் அந்த நீளம்தான். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பல இரண்டரை அங்குல, அதாவது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்தவை. இன்று பல தோட்டாக்கள் இரண்டே முக்கால் அங்குலம், 70 மில்லிமீட்டர். அந்த நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் 70 தோட்டா 65 அறைக்குள் அழகாகப் போய் உட்கார்ந்துவிடும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் அடைக்கும், அழுத்தம் ஏறும். 'உள்ளே போகுது, அப்ப சரிதான்' என்று சொல்பவரை நம்பாதீர்கள். 1954-க்குப் பிந்தைய பிரிட்டிஷ் துப்பாக்கியானால் அழுத்தத்தை டன் கணக்கிலும் பொறித்திருப்பார்கள். 3 டன் என்றால் 65, மூன்றே கால் டன் என்றால் 70 என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். எதற்கும் அறையை அளந்து பார்த்துவிட்டு, தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

இனி நேரில் பார்க்கும்போது. முதலில் திறந்து இரண்டு அறையும் காலி என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அவர் சொன்னால் போதாது. அப்புறம் குழல்களைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். வெளிச்சம் வட்டம் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். வட்டம் எங்கேயாவது நெளிந்தால் அங்கே நசுங்கல். கறுப்பு வளையம் தெரிந்தால் குழல் அங்கே உப்பியிருக்கிறது, எதோ அடைத்துக்கொண்டிருக்கும்போது சுட்டிருக்கிறார்கள். நசுங்கலைச் சரிசெய்யலாம். உப்பலைக் கண்டால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி புள்ளியாகத் துரு தின்ற இடங்களும் இருக்கும், அறைக்கு முன்பக்கம்தான் அதிகம். நம் ஊரில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோம். எண்ணெய் போடாமல் உறையோடு கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து வாங்கி, அப்படியே பீரோவில் வைப்பவர்கள் பலர். தோல் உறை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இப்படியே நாலைந்து தேர்தல் பார்த்த குழலின் உட்புறத்தை நினைத்துப் பாருங்கள். அதனால் 'இதை நான் சுட்டதே இல்லை' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் நான் சந்தோஷப்பட மாட்டேன். அளவாகச் சுட்டு, ஒவ்வொரு தடவையும் துடைத்து எண்ணெய் போட்ட துப்பாக்கிதான் நல்ல நிலைமையில் இருக்கும்.

தழும்பைத் தேய்த்து எடுத்திருந்தால் உட்புறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் குழலின் சுவர் மெலிந்திருக்கும். 12 போருக்கு உள் விட்டம் அங்குலத்தில் 0.729. அதைவிட எவ்வளவு கூடியிருக்கிறது, சுவரில் மிச்சம் எவ்வளவு என்று அதற்கான கேஜ் வைத்துத்தான் அளக்க வேண்டும். எங்கள் தொழிலில் மிக மெலிந்த இடத்தில்கூட அங்குலத்தில் 0.020 இருக்க வேண்டும் என்று பார்ப்போம். அதற்குக் கீழே போனால் நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். இது கண்ணால் பார்க்கிற காரியம் இல்லை, கைவினைஞரிடம் கொண்டுபோங்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. கழற்றிய குழலை, அதன் அடியிலுள்ள கொக்கியில் ஒரு கயிறு மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டுங்கள். பூஜை மணி மாதிரி நின்று ஒலித்தால் பட்டைகள் இறுக்கமாக இருக்கின்றன. விரிசல் விட்ட மண்பானை மாதிரிச் சொத்தென்று கேட்டால் எங்கோ பற்று விட்டிருக்கிறது. உங்கள் துப்பாக்கியில் இந்தச் சோதனையை அவசியம் செய்யுங்கள், புளூயிங் பற்றிச் சொன்னேனே அதற்காகத்தான். அப்புறம் முன்கட்டையை, குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்தை, கழற்றிவிட்டு மூடிய நிலையில் லேசாகக் குலுக்கிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது. குழலுக்கும் அது பின்னால் போய் முட்டும் இரும்பு முகத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பூட்டு தேய்ந்துவிட்டது. சரிசெய்யலாம், ஆனால் நல்ல கைக்குச் செலவு அதிகம்.

குழல் வாயில் இரண்டு குழலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டு, அதை ஈயம் வைத்து அடைத்திருந்தால் யாரோ நுனியை அறுத்திருக்கிறார்கள். சோக், அதாவது ரவை சிதறாமல் இருக்க நுனியில் வைக்கும் குறுக்கம், போய்விட்டது, மதிப்பும் போய்விட்டது. லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவது ஆயுதச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. அந்த வம்பை விலை கொடுத்து வாங்காதீர்கள்.

கட்டையில் விரல் பிடிக்கும் ஒடுக்கமான இடத்திலும், இரும்போடு சேருமிடத்திலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற கீறல்களைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவும் இரும்பு. காகிதம் சரியில்லை என்றால் இந்த இரும்பு ஓசியில் கிடைத்தாலும் வேண்டாம். விற்பவரின் லைசென்ஸில் இந்தத் துப்பாக்கியின் எண் பதிவாகியிருக்க வேண்டும். குழல், விசை இருக்கும் அடிப்பாகம், முன்கட்டை இரும்பு மூன்றிலும் அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணைத் தேய்த்தோ திருத்தியோ இருந்தால் உடனே விலகுங்கள். அவருடைய லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, அப்பா பெயரில் இருந்து இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்பா இறந்த பிறகு லைசென்ஸ் மாற்றாத துப்பாக்கியை அவரால் உங்களுக்கு விற்கவே முடியாது. முதலில் அதை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

தனியாருக்குத் தனியார் விற்பது சட்டப்படி முடியும். ஆனால் விற்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ, இன்னாருக்கு விற்கப் போகிறேன் என்று உங்கள் பெயர் முகவரியோடு எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிய வேண்டும். ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. நடைமுறையில் அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகே கைமாற்றுவது நல்லது. இப்போது யோசியுங்கள். சட்டப்படி எப்படியும் 45 நாள் ஆகும் விஷயத்துக்கு, 'இன்றைக்கே அட்வான்ஸ் போடு' என்று ஏன் அவசரம்? ஒழுங்காக விற்பவர் உங்கள் லைசென்ஸ் நகலைத்தான் முதலில் கேட்டிருப்பார். இவர் கேட்டதாக நீங்கள் எழுதவே இல்லை. கூரியரில் அனுப்பி வைக்கிறேன் என்றாலோ, லைசென்ஸ் எல்லாம் பிறகு பார்க்கலாம் என்றாலோ பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மோசடி, இல்லையென்றால் குற்றம். லைசென்ஸில் ஏறாத துப்பாக்கி வீட்டில் இருந்தாலே இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

வெளிமாநிலம் என்பதால் உங்கள் லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் அங்கே போய் எடுத்துவர முடியாது, கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வாங்குவதற்கு உங்கள் லைசென்ஸில் கெடு எதுவும் குறித்திருந்தால் இந்த 45 நாளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எனக்குப் பிடித்த வழி, இருவரும் லைசென்ஸ் உள்ள டீலர் மூலம் போவது. அவர் பங்கு போனாலும் துப்பாக்கி அவர் புத்தகத்தில் ஏறி இறங்கும். அங்கேயே குழலை அளக்கவும் செய்யலாம்.

விலை நியாயமா என்று கேட்டீர்கள். 2,75,000 நியாயம் இல்லை என்பது என் கருத்து. மறு புளூயிங் உறுதி, மாடல் தெரியாது, உட்புறம் தெரியாது. உங்கள் ஊர்ப் பக்க டீலரிடம் புதிய இந்தியத் தயாரிப்பு இரட்டைக் குழல் என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும். குழல் அளவு தேறி, தட்டினால் மணி ஒலித்து, பூட்டு இறுகி, முத்திரையும் எண்ணும் சரியாக இருந்தால் அதற்கு மேல் கொஞ்சம் கொடுக்கலாம், பழைய இங்கிலீஷ் வேலையின் லாகவம் அதற்குத் தகும். இதில் ஒன்று தவறினாலும் அந்தப் புதிய விலைக்குக் கீழேதான் நான் பேசுவேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. தோட்டத்துக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருப்பதால் மட்டும் காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது, வனத்துறை உத்தரவு இல்லாமல் சுட்டால் வழக்கு உங்கள் மேல்தான். சத்தம் போட்டு விரட்டுவதே உங்கள் வேலை என்றால், அதற்கு எழுபது வருஷ பர்மிங்காம் துப்பாக்கி தேவையில்லை. மழையில் நனையும், ஜீப்பில் குலுங்கும், வரப்பில் சாய்த்து வைப்பீர்கள். 70 மில்லிமீட்டர் அறை உள்ள, பாகம் கிடைக்கிற இந்தியத் துப்பாக்கி போதும். பழையதே வேண்டும் என்று ஆசையிருந்தால் அது தப்பில்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அதை நிதானமாகத் தேடுங்கள்.

இந்த விற்பனையாளரிடம் இப்போதைக்கு நான்கு படம் மட்டும் கேளுங்கள்: கழற்றிய குழலின் அடிப்பக்கம், இரு குழலின் வாய், வெளிச்சத்தை நோக்கி எடுத்த உட்புறம், அவர் லைசென்ஸில் துப்பாக்கி எண் உள்ள பக்கம். அனுப்பினால் எனக்கும் அனுப்பி வையுங்கள், முத்திரையைப் படித்துச் சொல்கிறேன்.